கண்ணாடி இருந்த இடம்

"சைக்கிள் மிதிக்கிறதுக்கு எதுக்கு பிளேன் ஏறணும்? நம்ம தெருவுலயே மிதிக்கலாமே" என்று சொல்லித்தான் அப்பா என்னை வழியனுப்பினார். அவரைப் பொறுத்தவரை சைக்கிள் என்பது மோட்டார் சைக்கிள் வாங்கும்வரை சமாளிப்பதற்கான வண்டி. பெண் அதை விடாமல் பிடித்துக்கொண்டு வேலையும் அதிலேயே தேடிக்கொண்டாள் என்பதை அவர் யாரிடமும் நேராகச் சொல்வதில்லை. கேட்பவர்களிடம் "ஸ்போர்ட்ஸ் டிபார்ட்மென்ட்ல இருக்கா" என்பார். கேட்பவர்களும் ஏதோ பென்ஷன் உள்ள உத்தியோகம் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

உண்மையில் என் உத்தியோகம் இதுதான். காலையில் எழுந்து, உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கை ஃபாயில் தாளில் சுற்றிச் சட்டையின் முதுகுப் பைகளில் திணித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாறு மணி நேரம் தன்னந்தனியாக மிதிக்க வேண்டும். திரும்பி வந்து குளித்து, பானையோடு சாப்பிட்டுவிட்டு, காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்தபடி படுத்துக்கிடக்க வேண்டும். இதற்குச் சம்பளம் உண்டா என்று மாமா கேட்டார். இன்னும் இல்லை, டீமில் நிரந்தரமாக எடுத்துக்கொண்டால் உண்டு என்றேன். அன்றிலிருந்து அவர் தன் அலுவலகத்தில் எனக்காக ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். எனக்கு அந்த நாற்காலியை நினைத்தாலே இடுப்பு வலித்தது.

டீமில் காலியாக இருந்தது ஒரே இடம். அதற்குச் சோதனைக்கு வந்திருந்தது இரண்டு பேர், நானும் ஊசியும். ஊசி என்பது நான் வைத்த பெயர். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும். பதிலுக்கு அவள் எனக்கு வைத்த பெயர் ரேடியோ. நான் ஓயாமல் பேசுவேன், யாரும் கேட்காவிட்டாலும் பேசுவேன், காது புளிக்கும்வரை பேசுவேன் என்று அதற்கு விளக்கமும் கொடுத்தாள். அவள் வீட்டிலும் தமிழ்தான் பேசுவார்கள் என்பதால் டீம் வாடகைக்கு எடுத்த வீட்டில் எங்கள் இருவரையும் ஒரே அறையில் போட்டார்கள். இரண்டு கட்டில், நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற இடம், ஜன்னல் கம்பியில் எந்நேரமும் காயாத சாக்ஸ். தோற்றவள் ஊருக்குத் திரும்ப வேண்டும். எனக்கு மாமாவின் நாற்காலி, அவளுக்கு அவள் அக்காவின் துணிக்கடையில் கல்லா. ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ள வேண்டிய இரண்டு பேர் ஒரே பற்பசையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம்.

முதல் வாரம் பயிற்சிக்குச் சேர்ந்துதான் போனோம். ஏற்றம் வந்தால் விட்டுக்கொடுக்காமல் போட்டி போட்டு நாக்குத் தள்ளினோம். சமதளம் வந்தால் ரோட்டை அடைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் கதை பேசினோம். ஹாரன் அடித்து அலுத்துப்போன ஒரு லாரி டிரைவர் டீம் மேனேஜருக்கே போன் போட்டுவிட்டார். மேனேஜர் எங்கள் இருவரையும் நிற்க வைத்து, "இனிமே தனித்தனியாப் போங்க. ஒருத்தி ஆத்தோரம், ஒருத்தி மலைப்பக்கம். மறுநாள் மாத்திக்கங்க. வழியில சந்திச்சாக்கூடப் பேசக் கூடாது" என்றார். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மாற்றி உட்கார வைத்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தனியாகப் போகிற பயிற்சி எப்படி இருக்கும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். முதல் மணி நேரம் ராணி மாதிரி இருக்கும். ரோடு நம்முடையது, காற்று நம்முடையது. இரண்டாவது மணி நேரத்தில் பசிக்கும். மூன்றாவதில் சின்ன வயதில் என்னைக் கிள்ளியவர்கள் எல்லாரும் ஞாபகத்துக்கு வருவார்கள். அதற்குப் பிறகு மண்டைக்குள் ஒன்றும் இருக்காது, வாயை மூடிக்கொண்டிருந்தால் காலும் நின்றுவிடும். அதனால் நான் உரக்கப் பேசிக்கொண்டே போவேன். வலது காலைக் கொஞ்சுவேன், இடது காலைத் திட்டுவேன், மாடுகளிடம் அபிப்பிராயம் கேட்பேன். சுற்றிலும் ஒருவருக்கும் நம் பேச்சு புரியாது என்பது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அதே விஷயம் சில நாள் பாரமாகிவிடும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

தனியாகப் போன முதல் நாளே, பின்னால் வந்த லாரியைத் திரும்பிப் பார்க்கப்போய், வண்டி தடுமாறிப் பள்ளத்துக்குள் முள்செடியோடு கட்டிப்புரண்டேன். அதன் பிறகு மெக்கானிக் என் ஹேண்டில்பாரின் இடது முனையில் பிஸ்கட் அளவுக்கு ஒரு கண்ணாடியை மாட்டினார். மாட்டும்போது மூஞ்சியைச் சுளித்தார். "ரேஸ் வண்டியில கண்ணாடியா? அடுத்தது ஹாரன் கேப்பே, பின்னாடி கேரியர் கேப்பே. ரேஸ் அன்னிக்கு இதைக் கழட்டிடுவேன், சொல்லிட்டேன்" என்றார். நான் சரி என்றேன். அன்றிலிருந்து நான் தலையைத் திருப்பியதே இல்லை. கண்ணை மட்டும் இடது பக்கம் தாழ்த்துவேன். கண்ணாடியில் வெறும் ரோடு தெரியும். "பின்னாடி யாரும் இல்ல" என்று எனக்கு நானே அறிக்கை விட்டுவிட்டு மிதிப்பேன்.

தனியாகப் போகிறவர்கள் எங்கே விழுந்து கிடந்தாலும் தெரியவேண்டும் என்று மேனேஜர் எங்கள் சீட்டுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஆளுக்கொரு டிராக்கரைப் பொருத்தியிருந்தார். வீட்டில் போனைத் திறந்தால் மேப்பில் நாங்கள் புள்ளியாக நகர்வது தெரியும். இதில் அம்மாவுக்குக் கிடைத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. டி.வி. சீரியல் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். மூன்றாவது மணி நேரத்தில் என் காதில் போன் அடித்தால் அது அம்மாதான்.

"என்னடி, பத்து நிமிஷமா நீலப் புள்ளி நகரவே இல்ல?"

"பங்க்சர்மா. டியூப் மாத்திட்டிருக்கேன்."

"பக்கத்துல பேக்கரின்னு போட்டிருக்கே."

"பேக்கரி வாசல்ல பங்க்சர்."

"சாப்பிட்டுட்டே பேசாத, புரையேறும்" என்பாள். ஊசியின் வீட்டில் அந்த நேரத்துக்கு எல்லாரும் கடையில் இருப்பார்கள் என்பதால் அம்மா அவளுடைய சிவப்புப் புள்ளியையும் தத்து எடுத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு ஏத்தத்துல உன்னைவிட வேகமாப் போறா" என்று என்னிடமே சொல்லுவாள். பெற்ற தாய் பேசுகிற பேச்சா இது. ஆனால் அது உண்மைதான்.

சீசன் முடியும் தறுவாயில் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் எங்கள் இருவரின் கணக்கும் ஒன்றுபோலவே இருக்கிறதாம், பார்த்துப் பார்த்துத் தலைவலிதான் மிச்சமாம். "ஞாயித்துக்கிழமை ரேஸ்ல உங்க ரெண்டு பேர்ல யார் முன்னாடி வர்றீங்களோ அவங்களுக்கு இடம். மத்தவங்க ஒரு வாரத்துல கிளம்பணும். அவ்வளவுதான்" என்றார்.

அன்று அறையில் ரேடியோவே வாயை மூடிக்கொண்டிருந்தது. படுக்கப்போகும்போது ஊசி மட்டும், "ஞாயித்துக்கிழமை உன்னை விடமாட்டேன்" என்றாள். "நானும்" என்றேன். பிறகு அவள் எழுந்து ஜன்னல் கம்பியிலிருந்த என் சாக்ஸைத் திருப்பிப் போட்டுக் காயவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று. எங்கள் அளவு ரேஸ்களில் டீமோடு பேசக் காதில் ரேடியோ கிடையாது. டீம் கார்கள் கூட்டத்துக்குப் பின்னால்தான் வரும். முன்னால் ஓடுகிறவர்களுக்கு கூட்டம் எவ்வளவு நேரம் பின்தங்கி வருகிறது என்று மோட்டார் சைக்கிளில் ஒருவர் பலகையில் எழுதிக் காட்டுவார், வேறு தகவல் கிடையாது. கூட்டத்துக்குள் போனால் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்போது காற்று அவரை அடிக்கும், நம்மை அடிக்காது, பாதி உழைப்பு மிச்சம். ரேஸ் என்பதே காற்றில் யார் நிற்பது, யார் ஒளிந்துகொள்வது என்கிற விளையாட்டுதான். எனக்கோ மாதக்கணக்கில் தனியாக மிதித்துப் பழகிவிட்டது. கூட்டத்தில் மூச்சு முட்டியது. கடைசி ஏற்றம் வரை காத்திருந்தால் ஊசி என்னை ஊதித் தள்ளிவிடுவாள் என்றும் தெரியும். அதனால் பாதி தூரம் தாண்டியதும், சமதளத்தில் எல்லாரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சமயத்தில், தலையைக் குனிந்துகொண்டு ஒரே பாய்ச்சலாகக் கிளம்பிவிட்டேன்.

யாரும் துரத்தவில்லை. தனியாகப் போகிறவளை விட்டுப் பிடிக்கலாம் என்று நினைத்திருப்பார்கள். பலகையில் ஒரு நிமிடம் என்று காட்டினார்கள். ஆற்றுப் பாலம் வந்தது, தாண்டினேன். கண்ணை இடது பக்கம் தாழ்த்தினேன். மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்று கண் சொன்னதும், பின்னால் யாருமே இல்லை என்று மண்டை எழுதிக்கொண்டது. பழக்கதோஷம். தலையைத் திருப்பிப் பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

தனியாக இருக்கிறோம் என்று தெரிந்துவிட்டால் என் வாய் சும்மா இருக்குமா? ஆரம்பித்துவிட்டேன். முதலில் கால்களோடு பேச்சுவார்த்தை. பிறகு மாமாவின் நாற்காலிக்கு அர்ச்சனை. பிறகு ஊசி. பாத்ரூமில் தண்ணீர் போகிற சல்லடையில் ஒரு விக் செய்கிற அளவுக்கு முடியை விட்டுவிட்டு வருகிறாள் என்று சொன்னேன். அவள் விடுகிற குறட்டையில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது என்று சொன்னேன். காற்றில் நெஞ்சு எரிய எரிய, "அவ என்னைவிட நல்லா ஓட்டுறா, அது எனக்குத் தெரியும். கண்ணுள்ள யாரா இருந்தாலும் அவளைத்தான் எடுப்பாங்க. கடவுளே, இன்னிக்கு ஒரு நாள் அதை யார் கண்ணுலயும் காட்டாத" என்று வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதலை முடித்த கையோடு அவள் ஊருக்குப் போய்விடுவாளே என்று நினைத்து மூக்கை உறிஞ்சினேன். இரண்டும் ஒரே வாய்தான், ஒரே மூச்சில்தான் வந்தது.

கோழிப்பண்ணை ஒன்று வந்தது. கால் இரண்டும் கல்லாகிவிட்டன. பலகையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. மறுபடி கண்ணாடி இருந்த இடத்தைப் பார்த்தேன். "பின்னாடி யாரும் இல்ல" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "முன்னாடியும் யாரும் இல்ல. இந்த ஊர்ல நமக்குன்னு யாரு இருக்கா, நாமதான் மிதிக்கணும்" என்றும் சொன்னேன். சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

வண்டி ஆடிய ஆட்டத்தில் இன்னொரு பள்ளத்துக்குப் போயிருப்பேன். திரும்பிப் பார்த்தால், என் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, ஹெல்மெட்டுக்குக் கீழே பல் தெரிய ஊசி.

"எப்படி வந்தே? எப்ப வந்தே?"

"இப்பதான். நேராப் பாத்து ஓட்டு."

"என்னெல்லாம் கேட்டே?"

"ஒண்ணும் கேக்கல. எனக்குக் குறட்டையே கிடையாது" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டி முன்னால் போனாள். "ரொம்ப நேரமாக் காத்துல இருக்கே. பின்னாடி ஒட்டிக்கோ."

ஒட்டிக்கொண்டேன். காற்று சட்டென்று நின்றது, யாரோ கதவைச் சாத்தியது போல. முறைப்படி ஆளுக்குக் கொஞ்சம் முன்னால் போய் மாற்றிக்கொள்ள வேண்டும். முன்னால் இருப்பவர் முழங்கையை அசைத்தால் பின்னால் இருப்பவர் முன்னால் வர வேண்டும் என்று அர்த்தம். அவள் அசைக்கவே இல்லை. நானாகத் தாண்டப் போனேன். "அங்கேயே இருடி" என்று ஒரு அதட்டல் போட்டாள். கிறுக்குப் பிடித்துவிட்டதா இவளுக்கு என்று நினைத்தேன். கடைசி வரை காற்றில் நின்று காலைத் தீர்த்துக்கொள்கிறாளே, எனக்கு லாபம்தானே என்றும் நினைத்தேன். அந்த நிமிடத்தில் நான் நல்லவளாக இல்லை, பசித்தவளாக இருந்தேன்.

கடைசி ஏற்றத்திலும் அவள்தான் முன்னால். உச்சிக்குப் போய் இறங்கியதும் நேர் ரோடு, பள்ளிக்கூடச் சுவர், அதன் முடிவில் கோடு. அங்கேதான் அவள் ஒதுங்கி எனக்குப் பக்கத்தில் வந்தாள். "இப்ப சரி. வா" என்றாள். இருவரும் எழுந்து நின்று மிதித்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்தச் சுவரில் குழந்தைகள் வரைந்திருந்த யானை ஒன்று மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கோட்டைத் தாண்டும்போது என் முன்சக்கரம் அவளுடையதைவிட அரைச் சக்கரம் முன்னால் இருந்தது.

மெக்கானிக் என்னை வண்டியோடு சேர்த்துத் தூக்கிவிட்டார். ஊசி புல்தரையில் மல்லாந்து விழுந்து, அவளுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் வானத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்குக் கிடைத்த சந்தோஷத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். பின்னால் அப்பா, "டிபார்ட்மென்ட்ல பர்மனென்ட் ஆயிட்டாளாமா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"ஜெயிச்சது இருக்கட்டும் கண்ணு. நீங்க ரெண்டு பேரும் ஒத்துமையா வந்தீங்க பாரு, அதைப் பாக்கத்தான் கண் நெறஞ்சு போச்சு."

"கடைசியில கொஞ்ச தூரம்தானேம்மா."

"கொஞ்ச தூரமா? பாலத்துலேருந்து நீலமும் சிவப்பும் ஒட்டிக்கிட்டுல்ல வந்துச்சு? ஒரே புள்ளியோன்னு நான் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்தேன்."

போனை வைத்துவிட்டு மேப்பைத் திறந்தேன். பாலத்திலிருந்து கோழிப்பண்ணை வரை அவள் எனக்குப் பின்னால் ஒளிந்து வந்திருக்கிறாள். கோழிப்பண்ணையிலிருந்து பள்ளிக்கூடச் சுவர் வரை என்னைப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். இரண்டு தூரத்தையும் விரலால் அளந்தேன். ஏறக்குறைய ஒன்றுதான். எடுத்ததை மிச்சமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் என்னோடு போட்டிக்கு வந்திருக்கிறாள். கிறுக்கு என்று நான் நினைத்தது அதைத்தான்.

அறையில் அவள் பெட்டியில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"பாலத்துலேருந்து பின்னாடியே இருந்திருக்கே."

"அம்மா சொல்லிட்டாங்களா? இந்தப் புள்ளி ஒரு பெரிய தொல்லை."

"பேசாம இருந்திருந்தா கடைசியில என்னைத் தாண்டிப் போயிருக்கலாமேடி."

"அதான் என் திட்டமே. எனக்கென்ன பைத்தியமா? பாத்ரூம் முடிக்குச் சிரிக்காம பல்லைக் கடிச்சுட்டு வந்தேன். குறட்டைக்கு உன்னைத் தள்ளிவிடலாமான்னு பாத்தேன். அதுக்கும் பேசாமத்தான் வந்தேன்."

"அப்புறம் ஏன் சிரிச்சே? நான் சிரிக்கிற மாதிரி ஒண்ணுமே சொல்லலயே அப்ப."

அவள் ஒரு சட்டையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நீ அந்த இல்லாத கண்ணாடியைப் பாத்துட்டு, பின்னாடி யாரும் இல்லன்னு சொன்னே. நமக்குன்னு யாரு இருக்கான்னும் சொன்னே. கை நீட்டினா தொடுற தூரத்துல நான் உக்காந்திருக்கேன். அதுக்கப்புறம் எப்படி ஒளிஞ்சுக்கறது? ஒரு மாதிரி இருந்துச்சு. சிரிச்சுட்டேன்."

"கடைசியில விட்டுக்கொடுத்தியா?" என்று மட்டும் கேட்டேன்.

"போடி. உனக்கு விட்டுக்கொடுக்கவா நான் இவ்வளவு தூரம் வந்தேன்? எப்படித் தோத்தேன்னு எனக்கே தெரியல. அந்த யானையைப் பாத்துத் தொலைச்சேன்னு நினைக்கிறேன்."

நான் அழுதேன். ஒளித்து மறைத்து இல்லை, மூக்கு ஒழுக ஒழுக. அவள் காய்ந்த சாக்ஸ் ஒன்றைத் தூக்கி என் முகத்தில் எறிந்தாள்.

மறுநாள் காலையில் நான் மேனேஜரிடம் போய் நின்றேன். சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். நீலமும் சிவப்பும் பாலத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. "நானும் பாத்தேன். ரேஸ் ரேஸ்தான், இடம் உனக்குத்தான். ஆனா இப்படி ஓட்டுற பொண்ணை வேண்டாம்னு எந்த மேனேஜர் சொல்லுவான்? வேற டீம் மேனேஜர் ரெண்டு பேருக்குப் போன் போட்டிருக்கேன்" என்றார். முதலாமவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், நான் அவரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். இரண்டாமவருக்கு ஏற்றத்தில் ஓட்ட ஆள் தேவைப்பட்டது. மலைக்கு அந்தப் பக்கம், சின்ன டீம். ஊசி கட்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகாமல் அங்கே போனாள்.

இப்போது எனக்கு அறை முழுவதும் சொந்தம். பாத்ரூம் சல்லடை பளிச்சென்று இருக்கிறது. ஒரு மாதம் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆனால் வாரத்தில் ஒரு நாள், என் நீண்ட பயிற்சி மலைப்பக்கம். அவளுடைய நீண்ட பயிற்சியும் மலைப்பக்கம்தான், அந்தப் பக்கத்திலிருந்து. தனியாகத்தான் போக வேண்டும் என்பது இரண்டு மேனேஜர்களின் கட்டளை. நாங்களும் தனியாகத்தான் கிளம்புகிறோம். உச்சியில் ஒரு கடை இருக்கிறது, வாசலில் இரண்டு நாற்காலி. உட்கார்ந்து பத்து நிமிடம் ஆனதும் போன் அடிக்கும்.

"ஏண்டி, நீலமும் சிவப்பும் ஒரே இடத்துல நிக்குது?"

"பங்க்சர்மா" என்பேன்.

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்தாம்மா" என்று ஊசி வாயில் ரொட்டியோடு குரல் கொடுப்பாள்.

இறங்கும்போது ரோடு பிரிகிற முக்கு வரை அவள் என் பின்னால் வருவாள். என் ஹேண்டில்பாரில் கண்ணாடி மறுபடி இருக்கிறது, மெக்கானிக் முகத்தைச் சுளித்துக்கொண்டே மாட்டிக் கொடுத்தார். அதை நான் பார்ப்பதில்லை. முக்கு வரும்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போகிறேன். பின்னாலிருந்து சிரிப்பு வருகிறது.